பேர் சொல்லிக் கூப்பிடுவோம்

(கொழும்பு, கொச்சிக்கடைப் பகுதியில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளும், அவர்களைப் பார்க்க மலையகத்திலிருந்து வந்த பெற்றோரும் கூடிய ஒன்றுகூடலில் எங்கள் நலன்புரிப் பணியாளர்கள் சார்பில் நிகழ்த்தப்பட்ட பேச்சு. வர முடியாத குடும்பங்களுக்காக இங்கே தருகிறோம்.)



உள்ளே வரும்போது வாசலில் வைத்து எல்லோரிடமும் பேர் கேட்டோம். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பேர் கேட்டிருப்பீர்கள். இப்போது ஒரு கேள்வி. உங்கள் வலது பக்கம் இருப்பவரின் பேர் என்ன? சிரிக்காதீர்கள். வாசலில் நின்று கேட்ட எங்களுக்கே பாதிக்கு மேல் மறந்துவிட்டது. அதனால்தான் இன்றைக்கு இதைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தோம். சின்ன விஷயம் போலத் தெரியும். எங்களுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தெரிந்தது.

சில வருஷங்களுக்கு முன்னால் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் கொழும்புக்கு வந்தார். மகன் கொச்சிக்கடையில் ஒரு கடையில் வேலை. மூன்று வாரமாக அவனுடைய போன் வேலை செய்யவில்லை. கடையின் பேர் தாய்க்குத் தெரியாது. ‘அந்தோனியார் கோயிலுக்குக் கிட்ட’ என்று மகன் சொன்னது மட்டும்தான் தெரியும். நாங்களும் அவரோடு சேர்ந்து ஜம்பட்டா வீதியிலும் சுற்றியுள்ள ஒழுங்கைகளிலும் கடை கடையாக ஏறி இறங்கினோம். தாய் மகனுடைய பேரைச் சொல்லுவார். எல்லாக் கடையிலும் ஒரே பதில்தான். “அப்படி ஒரு பொடியன் இங்க இல்லம்மா.”

பொழுது சாயும் நேரத்தில் ஒருவர் “போட்டோ இருக்கா?” என்று கேட்டார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த படத்தைத் தாய் எடுத்துக் காட்டினார். “அட, இது நம்ம குட்டி தானே! காய்ச்சல்னு மேல படுத்திருக்கான்” என்றார் அவர்.

அது நாங்கள் இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னால் போய்க் கேட்ட அதே கடை. பையன் அங்கே 11 மாதமாக வேலை செய்கிறான், அங்கேயே சாப்பிட்டு அங்கேயே தூங்குகிறான். அவனுடைய சொந்தப் பேர் அந்தக் கடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவனுக்கு முன்னால் அங்கே வேலை செய்தவனைக் ‘குட்டி’ என்று கூப்பிட்டார்களாம். அவன் போனதும் இவனும் ‘குட்டி’ ஆகிவிட்டான். கடைக்காரர் கெட்டவர் இல்லை. பையனுக்கு மருந்து வாங்கிக் கொடுத்திருந்தார். ஆனாலும் பெற்ற தாய் வாசலில் நின்று மகன் பேரைச் சொல்லிக் கேட்டபோது, மகன் மாடியில் படுத்திருக்க, “இல்லை” என்று பதில் வந்தது.

அன்று இரவு புறக்கோட்டையில் தாயையும் மகனையும் பஸ் ஏற்றிவிட்டோம். அடுத்த நாள் அறிக்கை எழுத உட்கார்ந்தபோது எங்களுக்குத் தலை குனிவாகிவிட்டது. காலையிலிருந்து இரவு வரைக்கும் “அம்மா, அம்மா” என்று கூப்பிட்டுக்கொண்டு கூடவே நடந்த நாங்கள், அந்த அம்மாவின் பேரைக் கேட்கவே இல்லை. கடைக்காரரைக் குறை சொன்ன நாங்களும் அதைத்தானே செய்தோம்! பிறகு மகனுடைய போனுக்கு எடுத்து, தாயிடமே கேட்டோம். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: “ஏம் பேரக் கணக்கப்பிள்ளதான் கேப்பாரு. வேற யாரு கேட்டா?”

நமக்குப் பேர் என்றால் என்ன?

அந்த அம்மா சொன்னதை யோசித்துப் பாருங்கள். நம்ம தோட்டங்களில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு வேறெங்கும் இல்லாத ஓர் அர்த்தம் உண்டு. பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். வேலைக்குப் போனால் பேர் விழும். கொழுந்து றாத்தல் குறைந்தால் அரைப் பேர். “இந்த மாசம் எத்தன பேரு?” என்று கேட்டால், எத்தனை நாள் வேலை என்று அர்த்தம். காலையில் பெரட்டுக் களத்தில் கூப்பிடுவதும், கொழுந்து மடுவத்தில் நிறுத்து எழுதுவதும், செக்ரோலில் ஏற்றுவதும் எல்லாமே பேர்தான். ஆனால் அந்தப் பேருக்குப் பக்கத்திலேயே ஓர் இலக்கமும் இருக்கும். பல இடங்களில் இலக்கம்தான் முக்கியம்.

இது நம்ம பாட்டன் பூட்டன் காலத்திலேயே தொடங்கிய கதை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவந்தபோது ‘டின் டிக்கெட்’ என்று ஒரு முறை இருந்தது. தோட்டத்துக்குரிய எழுத்தும் இலக்கமும் பொறித்த ஒரு சின்னத் தகரத் தகடு. அதைக் காட்டினால் ஆள் எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று அதிகாரிகளுக்குத் தெரியும். வழிச் செலவும் அந்தக் கணக்கிலேயே ஏறும். கடல் கடந்து வந்தவருக்கு ஊர் இருந்தது, குலதெய்வம் இருந்தது, தாய் தகப்பன் வைத்த பேர் இருந்தது. வழியில் கேட்டது தகட்டைத்தான்.

1867இல் கண்டிப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இலங்கையில் தேயிலையை வியாபாரப் பயிராக நட்ட முதல் தோட்டம் என்று பிள்ளைகள் பாடசாலையில் படிக்கிறார்கள். டெய்லர் பேர் எல்லோருக்கும் தெரியும். தொழிலாளர்கள் அவரைச் ‘சாமி துரை’ என்று கூப்பிட்டதாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். நல்லது. அந்த 19 ஏக்கரில் குழி வெட்டியது யார், கன்று வைத்தது யார்? நம்மில் ஒருவராவது ஒரு பேர் சொல்ல முடியுமா?

ஆனால் சில பேர்களை நாம் விடவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டதில் இறந்த கோவிந்தனின் பேர் இன்றைக்கும் தெரியும். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணிப் போராட்டத்தின்போது சுடப்பட்டு இறந்த சிவனு லெட்சுமணனின் பேரும் தெரியும். ஏன் தெரியும்? மே தினத்திலும் நினைவு நாளிலும் யாராவது அந்தப் பேர்களை வாய்விட்டுச் சொல்கிறார்கள். அதைக் கேட்டு வளரும் பிள்ளையும் சொல்லுகிறது. இப்படி வாய்க்கு வாய் வந்ததால்தான் அந்தப் பேர்கள் தங்கின.

நாம் கூடியிருக்கும் இந்த இடம்

கொச்சிக்கடை என்ற பேரும் அப்படித்தான். கொச்சியிலிருந்து வந்தவர்கள் கடை போட்ட இடம் என்று சொல்வார்கள். அந்த வியாபாரிகள் போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. ஊர் பேர் நிற்கிறது. நீர்கொழும்புக்குப் பக்கத்திலும் ஒரு கொச்சிக்கடை உண்டு. முதல்முறை வருபவர்கள் கவனமாக இருங்கள், பஸ் மாறி ஏறினவர்களும் இருக்கிறார்கள்!

இங்கே அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் கத்தோலிக்கர் மட்டுமா வருகிறார்கள்? நம்ம இந்துச் சனமும் மெழுகுதிரி கொளுத்துகிறது. யூன் 13 திருவிழா என்றால் தோட்டங்களிலிருந்தும் வருவார்கள். அந்தக் கோயிலில்தான் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலையில் குண்டு வெடித்தது. அன்றைக்கு நாட்டில் பல இடங்களில் நடந்த தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நாளை இங்கே இருப்பவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. ரேடியோவிலும் டிவியிலும் எண்ணிக்கை வந்துகொண்டே இருந்தது. 50 என்றார்கள், 100 என்றார்கள், 200 என்றார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த எண்ணிக்கை எதற்கு? ஒரு பேர்தான் வேண்டியிருந்தது. அந்தப் பேர் ஆஸ்பத்திரிப் பட்டியலில் இருக்கிறதா, இல்லையா என்றுதான் எல்லோரும் தவித்தார்கள். அப்படிப்பட்ட ஒரு நாளில் ‘குட்டி’ என்று மட்டும் தெரிந்த பிள்ளையை எந்தப் பட்டியலில் தேடுவது?

அன்றைக்கு இரண்டு கத்தோலிக்க ஆலயங்களில் உயிரிழந்தவர்களில் 167 பேருடைய பெயர்களை 2025இல் வத்திக்கான், விசுவாசத்தின் சாட்சிகள் என்ற பட்டியலில் சேர்த்தது. எண்ணிக்கையோடு விட்டுவிடாமல் ஒவ்வொருவரையும் பேரோடு நினைக்க வேண்டும் என்று உறவினர்கள் விரும்புவது எங்களுக்குப் புரிகிறது. இறந்த பிறகு செய்கிற இந்த மரியாதையை, உயிரோடு பக்கத்தில் நிற்கும்போதே செய்யலாமே என்றுதான் நாங்கள் கேட்கிறோம்.

ஏன் மறந்துபோகிறது?

“எனக்கு முகம் மறக்காது, பேர்தான் நிற்காது” என்று எல்லோரும் சொல்வார்கள். இது உங்கள் மூளையின் குறை இல்லை. ஆராய்ச்சி செய்தவர்களும் அதையே சொல்கிறார்கள்.

1987இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஆட்களின் படத்தைக் காட்டி, இவர் பேர் ‘பேக்கர்’ என்று சொன்னால் அது நினைவில் நிற்பது கஷ்டமாக இருந்தது. அதே சொல்லைத் தொழிலாக, இவர் பாண் போடுகிறவர் என்று சொன்னால் சுலபமாக நின்றது. நம்ம தோட்டத்துக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஒருவர் “என் பேர் அப்பு” என்றால் லயத்து முனை திரும்புவதற்குள் மறந்துபோகும். “துரை பங்களாவில் அப்பு வேலை செய்தேன்” என்றால் மறக்காது. சொல் ஒன்றுதான். தொழிலைச் சொன்னவுடன் பங்களாவும் குசினியும் வெள்ளைச் சட்டையும் கண்ணுக்கு முன்னால் வருகின்றன. வெறும் பேருக்கு அப்படி ஒட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 1973இல் அமெரிக்காவில் பார்த்திருக்கிறார்கள். ஆட்களை வட்டமாக உட்காரவைத்து ஒவ்வொருவராகப் பேசச் சொன்னால், தனக்குச் சற்று முன்னால் இருந்தவர் சொன்னதுதான் ஆளுக்கு அதிகமாக மறந்துபோகிறது. நம்ம முறை வருகிறதே, என்ன சொல்வது என்று யோசிப்பதில் காது வேலை செய்வதில்லை. புது ஆளைச் சந்திக்கும்போதும் இதேதான். அவர் பேர் சொல்லும் நேரத்தில் நாம் நம்ம பேரைச் சொல்லத் தயாராகிக்கொண்டிருக்கிறோம். அப்படியென்றால் அந்தப் பேர் நம் காதில் சரியாக விழவே இல்லை. விழாத பேர் எப்படி நிற்கும்?

தன் பேர் மட்டும் எல்லோருக்கும் நன்றாகக் கேட்கும். 1959இல் ஓர் ஆய்வில் ஆட்களின் ஒரு காதில் ஒரு பேச்சும் மறு காதில் வேறு பேச்சும் போட்டு, ஒன்றை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். கவனிக்காத காதில் வந்த மற்றது எதுவும் ஏறவில்லை. தன் பேர் வந்தபோது மட்டும் மூன்றில் ஒருவருக்குக் கேட்டது. திருவிழாக் கூட்டத்தில் எத்தனை சத்தம் இருந்தாலும் யாராவது உங்கள் பேரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பீர்களே, அதுதான் இது. ஒரு மனுசனுக்குத் தன் பேர் அவ்வளவு முக்கியம்.

என்ன செய்யலாம்?

பெரிய படிப்பு வேண்டாம். நாங்கள் செய்து பார்த்ததைச் சொல்கிறோம்.

முதலாவது, பேர் கேட்டால் பதில் வரும்வரை பொறுத்து நில்லுங்கள். கையில் இருக்கும் வேலையை ஒரு நிமிஷம் விடுங்கள். சரியாக விளங்கவில்லை என்றால் அப்போதே திரும்பக் கேளுங்கள். அப்போது கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை. ஆறு மாதம் பழகிய பிறகு கேட்கத்தான் வெட்கம்.

இரண்டாவது, பேரோடு ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நமக்கு இது நன்றாக வரும். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் நாம் விடுவோமா? “செல்வராணி, பொகவந்தலாவைப் பக்கம், அப்பா றோட்டு வேலை” என்று ஒன்றாகக் கட்டி வைத்தால் ஒன்றை இழுக்கும்போது மற்றதும் வரும். யார் அந்தப் பேரை வைத்தார்கள் என்றும் கேட்கலாம். குலதெய்வத்தின் பேரா, பாட்டியின் பேரா, படம் பார்த்து வைத்ததா? அந்தக் கதையைக் கேட்டுவிட்டால் பேர் மறக்காது.

மூன்றாவது, விட்டு விட்டுச் சொல்லிப் பாருங்கள். 1978இல் பேர்களை வைத்தே நடத்திய ஓர் ஆய்வில், கேட்டவுடன் ஒரு தடவை, கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு தடவை, இன்னும் அதிக இடைவெளி விட்டு ஒரு தடவை என்று நினைவுபடுத்திப் பார்த்தால் நன்றாக நிற்பதாகக் கண்டார்கள். பேச்சை முடித்து விடைபெறும்போது “சரி செல்வராணி, வாறோம்” என்று பேர் சொல்லுங்கள். பஸ் ஏறும்போது ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். ராத்திரி படுக்கும்போது, இன்றைக்கு யார் யாரைக் கண்டோம் என்று ஒரு தடவை. அவ்வளவுதான்.

நான்காவது, எழுதி வையுங்கள். அந்தத் தாயின் விஷயத்துக்குப் பிறகு நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு சின்னக் கொப்பி வைத்திருக்கிறோம். நீங்கள் போனிலேயே எழுதலாம். கொழும்பில் இருக்கும் பிள்ளைகளே, ‘முதலாளி’, ‘கடை அண்ணன்’ என்று மட்டும் போனில் நம்பரைப் போடாதீர்கள். சரியான பேரையும் கடையின் விலாசத்தையும் எழுதி வீட்டுக்கு அனுப்புங்கள். கடையில் உங்கள் முழுப் பேரைச் சொல்லி வையுங்கள். பெற்றோரும் கேட்டு வாங்கி வையுங்கள். பேர் எழுதும்போது பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுதுங்கள். சான்றிதழில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர், சேமலாப நிதியில் இன்னொரு பேர் என்று இருப்பதால் நம்மவர்கள் கந்தோர் கந்தோராக அலைவது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஐந்தாவது, மறந்துவிட்டால் ஒத்துக்கொள்ளுங்கள். “கோவிச்சுக்காதீங்க, உங்க பேர் மறந்துபோச்சு, என் பேர் இன்னது” என்று சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். வயது போனால் தெரிந்த பேரும் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வராது. நம்ம தாத்தா பாட்டிமார் பேர் தேடித் திணறும்போது சிரிக்காமல் எடுத்துக் கொடுங்கள்.

முறை சொல்லிக் கூப்பிடுவது தப்பா?

“நாம அக்கா, அண்ணே, மாமா என்று முறை சொல்லித்தானே கூப்பிடுவோம், பெரியவர்களைப் பேர் சொல்வது மரியாதையா?” என்று கேட்பீர்கள். முறை சொல்வது நம்ம பழக்கம், அது வேண்டும். பெரியவரைப் பேர் சொல்லிக் கத்துங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பேரைத் தெரிந்து வைத்துக்கொண்டு அக்கா என்று கூப்பிடுவது மரியாதை. பேர் தெரிந்துகொள்ளச் சோம்பல்பட்டு எல்லோரையும் அக்கா என்று கூப்பிடுவது வேறு. “ராசம்மாக்கா” என்றால் இரண்டும் ஆயிற்றே! முந்தின காலத்தில் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். பதிவுக்கு வந்தால் பக்கத்தில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து “நீ சொல்லுடா” என்பார்கள். வாயில் சொல்லாவிட்டாலும் அந்தப் பேர் அவர்களுக்கு மறக்கவில்லை.

பட்டப் பேர் விஷயத்திலும் கவனம் வேண்டும். அன்பாக வைத்த பேரும் உண்டு. நொண்டி, கறுப்பி என்று உடம்பைச் சொல்லி வைத்த பேரும் உண்டு. கூப்பிடுகிறவனுக்கு அது விளையாட்டு. திரும்பிப் பார்க்கிறவனுக்கு வாழ்நாள் முழுக்க வலி. வேலை செய்யும் வீட்டில், கடையில் உங்கள் பேரை மாற்றிக் கூப்பிட்டால், “என் பேர் இது, இப்படிக் கூப்பிடுங்க” என்று பணிவாகச் சொல்லலாம். அதில் ஒரு குற்றமும் இல்லை. அதே மாதிரி, பக்கத்து வீட்டுச் சிங்களவர், முஸ்லிம் மக்களின் பேர் நம்ம வாய்க்கு உடனே வராது. அவர்கள் எப்படிச் சொல்கிறார்களோ அப்படிச் சொல்லப் பழகுவோம். நம்ம பேரை அரைகுறையாகச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

அந்தக் கடைப் பையன் இப்போது ஹட்டனில் சொந்தமாகச் சின்ன வேலை பார்க்கிறான். அவனிடம் கேட்டுக்கொள்ளாததால் அவன் பேரையும் தாயின் பேரையும் இந்த மேடையில் சொல்லவில்லை. எங்கள் கொப்பியின் முதல் பக்கத்தில் அந்தத் தாயின் பேர் இருக்கிறது. இப்போது போன் எடுத்தால் “யாரு?” என்று அவர் கேட்பதில்லை. எங்கள் பேரைச் சொல்லித்தான் பேசுகிறார். அவரும் ஞாபகம் வைத்திருக்கிறார்.

தேத்தண்ணி வரப்போகிறது. அதற்கு முன்னால் வலது பக்கம் இருப்பவரிடம் திரும்பிப் பேர் கேளுங்கள். எந்தத் தோட்டம் என்றும் கேளுங்கள். வீட்டுக்குப் போகும்போது அந்தப் பேரைச் சொல்லி விடைபெறுங்கள். நாங்களும் வாசலில் நிற்போம். உங்கள் பேரை நாங்கள் மறந்திருந்தால் தயவுசெய்து இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போங்கள்.